இருபத்திரண்டாம் பக்கத்துக் கதவு

என் பெட்டிகளைத் தொடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தொடுவதற்கு முன் கை கழுவச் சொல்வேன். கழுவிய கையைத் துடைக்கச் சொல்வேன். அதற்குப் பிறகும் தொட விடமாட்டேன். முகம் சுளிக்கிறவர்கள் அப்படியே வாசலோடு போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. முப்பது வருஷமாகச் சேர்த்தவை அவை. எல்லாம் அச்சில் இல்லாமல் போன பழைய மேசை விளையாட்டுகள். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் நகத்தளவு அட்டைச் சில்லுகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகள் பாதி, கதை சொல்லி ஆடும் விளையாட்டுகள் பாதி. மொத்தம் இருநூற்றுப் பதினேழு பெட்டி. கூடத்தில் ஒரு சுவரும் படுக்கையறையில் இரண்டு சுவரும் அவற்றுக்கே போய்விட்டன.

"இந்த வீட்டுல அட்டைப்பெட்டிக்கு ஏசி, எனக்கு ஃபேன்" என்பாள் என் மனைவி. ஈரம் ஏறினால் அட்டை உப்பிவிடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு ஏறாது. "நானும்தான் உப்பிப் போயிருக்கேன், கண்டுக்கிட்டீங்களா?" என்பாள்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் பார்த்தேயிராத வாய்க்கு நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல் கட்டி அனுப்புவேன். கடுகளவு பிசிறு இருந்தாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு செட் கூட 'குத்துது' என்று திரும்பி வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் எல்லாவற்றையும் கெடுத்தது அந்தக் கைதான், அதனால் சொல்கிறேன்.

என்னைப் போலச் சேர்க்கிறவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறோம். ஒரு பெட்டியைத் திறந்ததும் எங்களில் யாரும் "இதை எப்படி ஆடுறது?" என்று கேட்பதில்லை. "உள்ள எழுதியிருக்கா?" என்றுதான் கேட்போம். எழுதியிருந்தால் பாதி மதிப்பு போயிற்று. அட்டையிலிருந்து சில்லுகளைப் பிரித்தெடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் போயிற்று. யாருமே ஆடாத விளையாட்டுதான் எங்களுக்கு உசத்தி. வெளியாள் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும், நாங்கள் அப்படித்தான்.

பென்சில் சிரிப்பான். என் சிநேகிதன், சமையலறை அலமாரி செய்யும் தச்சன். எந்நேரமும் காதில் ஒரு தட்டைப் பென்சில் செருகியிருக்கும். அவன் மனைவியே அவனைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட நாலு மாதம் மூத்தவன். அந்த நாலு மாதத்தை மதித்து அவன் மகள் என்னைச் சித்தப்பா என்பாள், நான் அவன் மனைவியை அண்ணி என்பேன். மகளுக்கு அவன் வைத்த பட்டப்பெயர் சுண்டெலி.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் அவன் பட்டறையில் கூடி ஆடுவோம். அவனிடம் இருந்தது கதை சொல்லி ஆடும் பெட்டி. அதில் பலகை கிடையாது. ஒருவன் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். நான் வைத்தியன், பஸ் டிரைவர் ஒருவர் கொள்ளைக்காரன், இப்படி. "முன்னாடி ஒரு பாலம், பாதி உடைஞ்சிருக்கு, என்ன பண்ணப் போற?" என்று கேட்பான். சொல்ல வேண்டும். நாம் சொன்னது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கதை சொல்வது எப்போதும் பென்சில்தான். அவன் சொன்னால் மரத்தூள் வாசனைக்கு நடுவில் எனக்கு நிஜமாகவே முதுகு சில்லிடும்.

அவன் பெட்டி முதல் பதிப்பு. முதல் பதிப்பில் மட்டும் இருபத்திரண்டாம் பக்கத்து நிலவறை வரைபடம் தலைகீழாக அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் திருத்திவிட்டார்கள். அந்தத் தலைகீழ்ப் பக்கம் இருக்கிற புத்தகத்துக்காக எங்கள் கூட்டத்தில் ஆலாய்ப் பறப்பார்கள். இவனோ அதில் எழுதித் தள்ளியிருந்தான். ஓரமெல்லாம் பென்சில். எந்த அரக்கனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம், டிரைவரின் குதிரை எங்கே கட்டிக்கிடக்கிறது, எல்லாம்.

"டேய், இது முதல் பதிப்புடா. தலைகீழ் மேப்புடா" என்று நான் அடித்துக்கொள்வேன்.

"தலைகீழா இருந்தா என்ன இப்போ? புக்கைத் திருப்பிப் பிடி" என்பான். எனக்கு வயிறு எரியும்.

நாற்பத்தொரு வயதில் அவன் ரத்தத்தில் கோளாறு வந்தது. பட்டறையை மூடினார்கள். முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டான். டிரைவரும் மற்றவர்களும் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். நான் போவேன். அப்போதுதான் ஒன்பது வயது சுண்டெலியை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான். பெட்டியில் மிச்சமிருந்த ஒரே வெற்றுத் தாளில் அவளுக்கு ஒரு வேஷம் எழுதிக் கொடுத்தான். பூட்டுத் திறக்கிறவள், பெயர் சுண்டெலி, பலம் மூன்று, துணிச்சல் பதினெட்டு. பகடையின் எண்களில் அவளே சிவப்பு மெழுகுக்கட்டியைத் தேய்த்து நிரப்பினாள். பாதி வெளியே வழிந்திருந்தது.

கடைசி ஆட்டத்தின்போது நான் அங்கே இருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கதவு முன்னாடி நிக்கிற. இரும்புக் கதவு. கிட்டப் போனாலே அனல் அடிக்குது. என்ன பண்ணப் போற?"

"காதை வச்சுக் கேப்பேன்."

"அனல் அடிக்குதுன்னு சொன்னேன், காது வெந்துரும்."

"அப்போ டம்ளரை வச்சு, அதுல காதை வச்சுக் கேப்பேன்."

அவன் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கியதும், "உள்ள இருந்து யாரோ உன்னைக் கூப்பிடுறாங்க. 'சுண்டெலி'ன்னு. உனக்குத் தெரிஞ்ச குரல்" என்றான்.

"யாருப்பா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"அப்பா!"

"நீ மாத்திச் சொல்லச் சொல்லி அழுவே, நானும் மாத்திருவேன். அதனால இப்பவே எழுதி வச்சிடுறேன். எழுதினா எழுதினதுதான்." காதிலிருந்து பென்சிலை எடுத்தான். இருபத்திரண்டாம் பக்கத்தில், தலைகீழ் வரைபடத்துக்குக் கீழே இருந்த அரைப்பக்க இடத்தில், இடது கையால் மறைத்துக்கொண்டு நெடுநேரம் எழுதினான். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். அவன் புத்தகத்தை மூடி முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டான். புத்தகத்தின் முனை நசுங்குகிறதே என்று நான் பதறினேன். என் புத்தி அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் என்னிடம் சொன்னான்.

"பாக்ஸ் உன்கிட்ட இருக்கட்டும்டா. இவங்க வீடு மாறப் போறாங்க, மேல எதையாவது வச்சு நசுக்கிருவாங்க. அவ வளந்து வந்து கேப்பா. அப்போ குடு. அப்படியே வச்சிரு, என்ன?"

"அப்படியே வச்சிருக்கேன்டா. நீ பேசாம படு."

எனக்கு அழுகை வந்தது நிஜம். முதல் பதிப்பு என் வீட்டுக்கு வருகிறது என்று மனதின் ஒரு மூலை குளிர்ந்ததும் நிஜம். சனிக்கிழமை போய்விட்டான்.

அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்காள் வீட்டுக்கு வேறு ஊருக்குப் போனாள். மாதம் ஒரு போன், பிறகு வருஷம் ஒரு போன் என்று ஆயிற்று. ஆறு வருஷம் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பெட்டியை அப்படியேதான் வைத்திருந்தேன். அந்த ஆறு வருஷத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

ஏழாம் வருஷம், மீசை என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். அவனும் எங்கள் கூட்டம்தான். என்னைவிட இருபது பெட்டி கூடுதலாக வைத்திருக்கிற கர்வம் அந்த மீசையிலேயே தெரியும். வாய்க்கொழுப்பெடுத்து நான்தான் அதைக் காட்டினேன்.

"அடேயப்பா, முதல் பதிப்பா!" என்று கண்ணை விரித்தான். பக்கத்தைத் திருப்பினான். முகம் சுருங்கியது. "அய்யய்யோ, என்ன சார் இது? எவனோ கிறுக்கி நாசம் பண்ணி வச்சிருக்கானே! தலைகீழ்ப் பக்கத்துலயே இப்படியா? கண்காட்சிக்கு இதை எப்படி வைப்பீங்க? வீணாப் போச்சு போங்க."

எவனோ என்றான். என் சிநேகிதனைத்தான் சொல்கிறான் என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீணாப் போச்சு என்றானே, அதுதான் சுருக்கென்றது.

கண்காட்சி அந்த மாதக் கடைசியில். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் திறந்து வைப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உணவு முடிந்ததும் மேசையைத் துடைத்து உட்கார்ந்தேன். மாவு போலப் பிசைந்து வைத்துக்கொள்ளும் மெத்தென்ற ரப்பர், பஞ்சு, பல்லுக்கு வைத்திருக்கும் மெல்லிய தூரிகை, நெற்றியில் பூதக்கண்ணாடி. ரப்பரைத் தேய்க்கக்கூடாது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அப்போதுதான் தாளின் மினுமினுப்பு போகாது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அரக்கர்களின் உயிர் போயிற்று. டிரைவரின் குதிரை போயிற்று.

இருபத்திரண்டுக்கு வந்தபோது மணி மூன்று. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. அந்தக் கதவு ஞாபகம் வந்தது. வேறு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு அழிக்கலாமா என்று கூடத் தோன்றியது. 'சின்னப்பிள்ளை விளையாட்டு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் எங்கே வந்து கேட்கப் போகிறாள்' என்று நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து பேனா எடுக்கச் சோம்பல். உண்மை அவ்வளவுதான்.

படிக்கவும் இல்லை. பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. எந்தக் கோட்டில் அழுத்தியிருக்கிறான், எங்கே கரி தாளின் நாருக்குள் இறங்கியிருக்கிறது என்று பார்த்தேனே தவிர, இது என்ன வார்த்தை என்று பார்க்கவில்லை. ஒரு பல்லில் கறை எடுக்கிறபோது அந்த வாய் என்ன பேசும் என்றா யோசிப்பேன்?

பென்சில் அழுத்தி எழுதுகிறவன், மரத்தில் கோடு போட்ட கை. அதனால் தாளில் பள்ளம் விழுந்திருந்தது. அதையும் விடவில்லை. மையொற்றுத் தாளை லேசாக நனைத்து, இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே பக்கத்தை வைத்து, மேலே ஒரு மூட்டை பிளாஸ்டர் மாவை ஏற்றி மூன்று நாள் அழுத்தினேன். பள்ளமும் போயிற்று. முனை தேய்ந்த பகடையை எடுத்துவிட்டு வேறொரு பெட்டியின் புதுப் பகடையைப் போட்டேன். பழையது திருகாணி டப்பாவுக்குப் போயிற்று. எழுதி நிரப்பிய வேஷத் தாளில் சுண்டெலியின் பலமும் துணிச்சலும் போய் அதுவும் வெற்றுத் தாள் ஆயிற்று.

கண்காட்சியில் என் பேழை முன்னால்தான் கூட்டம். அட்டையில் 'முதல் பதிப்பு, தலைகீழ் வரைபடம், எழுத்தில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். மீசை வந்து குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"வேற காப்பி கிடைச்சுதா சார்?"

"அதேதான்" என்றேன். அவன் மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

போன மாதம் போன் வந்தது. "சித்தப்பா, நான் சுண்டெலி பேசுறேன்."

இருபது வயது. படிக்கிற இடத்தில் சிநேகிதிகள் ஐந்து பேர் சேர்ந்து கதை சொல்லி ஆடுகிறார்களாம். கதை சொல்வது இவள்தானாம். "அப்பா பாக்ஸை வாங்கிக்கலாம்னு. வரலாமா சித்தப்பா?" என்றாள். என் கையில் இருந்த மெழுகுப் பல் நழுவி விழுந்தது. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? "வாம்மா" என்றேன்.

என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மழையில் நனைந்துவிட்டது, திருடு போய்விட்டது, கறையான் அரித்துவிட்டது. ஏசி போட்டு வைத்திருக்கிறவன் வீட்டில் கறையானாம்! கடைசியில், அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று என்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

உள்ளே வந்ததும் அவளே கேட்டுக் கை கழுவினாள். "அப்பா சொல்லியிருக்கார், சித்தப்பா வீட்டுல பாக்ஸைத் தொடணும்னா குளிச்சிட்டு வரணும்னு" என்று சிரித்தாள். அவன் சிரிப்பேதான். என் மனைவி அவள் கன்னத்தைப் பிடித்து, "அப்படியே அப்பன் மூஞ்சி" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். நான் பழக்கதோஷத்தில் அவளுக்குப் பருத்திக் கையுறையை நீட்டினேன். அவள் அப்பா பெட்டிக்கு, அவளுக்கு! மறுபேச்சு இல்லாமல் மாட்டிக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தாள். எதையும் தேடவில்லை, நேரே இருபத்திரண்டு.

"பதினோரு வருஷமா அந்தக் கதவு முன்னாடியே நிக்கிறேன் சித்தப்பா. அம்மா எத்தனையோ தடவை சொன்னாங்க, சித்தப்பாவுக்கு போன் போட்டுப் படிக்கச் சொல்லுன்னு. நான்தான் கேக்கல. அப்பா எழுத்துல நானே படிக்கணும்னு..." பேசிக்கொண்டே பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கம், முந்தின பக்கம். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, வரைபடத்தை நேராக்கிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"இது வேற புக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி, அப்பாவோடது எங்கே என்பதுதான்.

"அதே புக்குதாம்மா. கொஞ்சம் சுத்தம் பண்ணினேன். பென்சில் இருந்தா தாள் கெட்டுப் போயிரும், அதனால..." தாள் பென்சிலால் கெடாது. எனக்குத் தெரியும்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அழிந்துபோனதை அந்த நொடியிலேயே தாண்டி, மிச்சம் எங்கே இருக்கக்கூடும் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். "சரி. சரி சித்தப்பா. அழிக்கறதுக்கு முன்னாடி படிச்சிருப்பீங்கல்ல? என்ன எழுதியிருந்தார்? கதவுக்கு அந்தப் பக்கம் யாரு?"

கண்ணை அகல வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாதிரியே. அதைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை.

"பாம்பு" என்றேன். "பெரிய பாம்பு. அதுதான் குரலை மாத்திக் கூப்பிட்டுது. நீ உள்ள போனதும் அது... அதுக்குப் பின்னாடி ஒரு புதையல் இருக்கற மாதிரி எழுதியிருந்தான்."

சொல்லும்போதே இது பென்சிலின் கதை இல்லை என்று எனக்கே தெரிந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கிற கதை. அவள் முகம் மெதுவாக மாறியது.

"அப்பா பாம்பு வைக்கமாட்டார் சித்தப்பா. பாம்புன்னா நான் தூக்கத்துல கத்துவேன். எனக்காகப் புக்குல இருந்த பாம்பையெல்லாம் பல்லின்னு மாத்திப் படிப்பார்." புத்தகத்தை மேசையில் வைத்தாள். "நீங்க படிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒரு வரி கூட?"

"இல்ல."

டீ டம்ளர்களோடு என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்து, பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, "வெளிச்சத்துல பார்த்தா பள்ளம் தெரியும்" என்றேன். மூன்று நாள் மூட்டை ஏற்றியவன் நான்! அவள் நெடுநேரம் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று இருந்தது. பிறகு வேஷத் தாளை எடுத்தாள். அதுவும் வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உதடு துடித்தது.

கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பெட்டியை எடுத்துக்கோம்மா" என்றேன்.

"இது உங்களோடதுதான் சித்தப்பா. எங்க அப்பாவோடது இதுல ஒண்ணுமே இல்லையே."

என் மனைவி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். திருகாணி டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் அப்படியே கொட்டினாள். ஆணி, வாஷர், உடைந்த சாவி, நடுவில் அந்தப் பழைய பகடை. எண்களைத் தாண்டி வழிந்த சிவப்பு மெழுகு அப்படியே இருந்தது. "இதையும் சுத்தம் பண்ண இவருக்கு நேரமில்ல போல. எடுத்துக்கோ கண்ணு" என்றாள். சுண்டெலி அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். டீயைக் குடிக்கவில்லை. "வரேன் சித்தி" என்றாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "அந்தப் பொண்ணுகிட்டயும் பொய்யா?" என்று மட்டும் கேட்டாள். அழித்ததைக் கூட அவள் கேட்கவில்லை.

மீசை நேற்றும் போன் செய்தான். தன்னிடம் இருக்கிற எந்த மூன்று பெட்டியை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு இந்த ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறான். போனை வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இருபத்திரண்டாம் பக்கத்தை எல்லாக் கோணத்திலும் சாய்த்துப் பார்க்கிறேன். ஒரு எழுத்து, ஒரு சுழி, ஒரு புள்ளி எங்கேயாவது தப்பியிருக்காதா என்று. ஒன்றும் இல்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன்.